மன்னர் மதம் மாறினார். ஊர் என்ன செய்தது?

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி போப்பாண்டவரோடு உறவை முறித்துக்கொண்டது ஒரு கல்யாண விவகாரம்தானே, மன்னர் மாறியதும் மக்களும் மாறிக்கொண்டார்கள், சாதாரண ஜனங்கள் ஏன் எதிர்க்கவில்லை என்பது கேள்வி. கல்யாண விவகாரம் உண்மை. ஆனால் மக்கள் பேசாமல் இருந்தார்கள் என்பது உண்மையல்ல. இங்கிலாந்து மக்கள் இரண்டு முறை பெருந்திரளாக எழுந்தார்கள், ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அவர்கள் எதற்காக எழுந்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள அரண்மனையைப் பார்த்துப் பயனில்லை, ஊர்க்கோயிலைப் பார்க்க வேண்டும்.

அரண்மனைக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1533ல் ரோமுக்கு மேல்முறையீடு செய்வதை நாடாளுமன்றம் தடுத்தது. 1534ல் மன்னரே இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர் என்று சட்டம் வந்தது. அதை ஏற்காத முன்னாள் அமைச்சர் தாமஸ் மோரின் தலை 1535ல் வெட்டப்பட்டது. 1536 முதல் 1540 வரை ஏறக்குறைய 800 துறவிமடங்கள் மூடப்பட்டன. அவற்றின் நிலங்கள் அரசிடம் போய், பெரும்பாலும் விற்கப்பட்டன. பள்ளிப் பாடநூல்களில் வருவது இவ்வளவுதான். இதில் சாதாரண மக்கள் எங்குமே தென்படாததால்தான் அவர்கள் வேடிக்கை பார்த்தார்கள் என்று தோன்றுகிறது.

அன்றைய இங்கிலாந்தில் ஏறக்குறைய 9,000 பங்குகள் இருந்தன. பங்கு என்றால் ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த மக்களும். பீடம் இருக்கும் பகுதியைப் பராமரிப்பது தசமபாகம், அதாவது விளைச்சலில் பத்தில் ஒரு பாகம், வாங்குபவரின் கடமை. மக்கள் நின்று செபிக்கும் நடுக்கூடம், கோபுரம், மணி, பூசைப் பாத்திரங்கள், புத்தகங்கள் எல்லாம் ஊரார் பொறுப்பு. கூரை ஒழுகினால் ஊரார்தான் பணம் திரட்ட வேண்டும். இதற்காக ஆண்டுதோறும் பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுத்தார்கள், அவர்கள் வரவு செலவுக் கணக்கை ஊர் கூடி இருக்கையில் ஒப்புவித்தார்கள். நாடாளுமன்றத்துக்கு ஆள் அனுப்பும் உரிமை நாட்டில் மிகச் சிலருக்கே இருந்தது. கோயில் கணக்கைக் கேட்கும் உரிமை ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் இருந்தது. இடைக்கால ஐரோப்பாவில் மக்களுக்கு ஆட்சியில் பங்கே இல்லை என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஓர் ஊரை மட்டும் கிட்டத்தில் பார்க்கலாம். டெவன் மாவட்டத்தின் வடகோடியில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் ஓரத்தில் மோர்பாத் என்ற சிற்றூர் இருக்கிறது. 1530களில் அங்கே மொத்தம் 33 தலைக்கட்டு. ஆடு மேய்ப்பதுதான் முக்கியப் பிழைப்பு. அரசர் யாரும் எட்டிப் பார்த்திராத ஊர். அதைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு ஒரே காரணம் அந்த ஊர்ப் பங்குக் குருவானவர் கிறிஸ்டோபர் டிரிக்கி. 1520ல் அங்கே வந்தவர் 1574ல் இறக்கும்வரை, 54 ஆண்டுகள் அதே ஊரில் இருந்தார். ஊர்க்கணக்கைத் தன் கைப்பட எழுதி, கூட்டத்தில் உரக்க வாசித்தார். வாசிப்பதற்காக எழுதியதால் அதில் வெறும் எண்கள் மட்டும் இல்லை. யார் எதைக் கொடுத்தார்கள், யாரோடு யாருக்குத் தகராறு, எந்த வேலை ஏன் தாமதமானது என்று ஊரின் பேச்சே அதில் ஓடுகிறது.

அந்த ஊரில் கோயில் நிதி ஒன்றல்ல, பல. மாதாவுக்கு ஒன்று, அர்ச். (புனித) சிட்வெல்லுக்கு ஒன்று, இளைஞர்களுக்கு ஒன்று, கன்னிப்பெண்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுப்பாளர், தனிக் கணக்கு. இவற்றின் சொத்து பெரும்பாலும் ஆடுகள். கோயில் ஆடுகளைக் குடும்பங்கள் முறைவைத்துத் தங்கள் மந்தையோடு சேர்த்து மேய்த்தன. கம்பளியை விற்ற காசு சுரூபங்களின், அதாவது புனிதர் சிலைகளின், முன் எரியும் மெழுகுவர்த்திகளுக்குப் போனது. பெரிய செலவுகளுக்குக் கோயிலே ஏல் என்ற தானிய மதுவைக் காய்ச்சி விருந்து வைத்தது. ஊரே வந்து குடித்துச் சாப்பிட்டு, அக்கம்பக்கத்து ஊர்களும் வந்து போய், லாபம் கோயிலுக்குச் சேர்ந்தது. பொறுப்புகள் வீட்டு வரிசைப்படி வந்தன. குடும்பத் தலைவர் இறந்திருந்தால் அவருடைய கைம்பெண் பொறுப்பேற்றார். ஒரு பெண் ஊர்ப் பணத்தை வைத்திருந்து ஊர் முன் கணக்குக் கொடுப்பது அங்கே யாருக்கும் புதுமையாகப் படவில்லை.

1534ல் நடந்த ஒரு திருட்டை டிரிக்கி எழுதி வைத்திருக்கிறார். ஏணி போட்டுக் கோயிலின் மேல் ஏறிய திருடன், அதே ஏணியை மேலே இழுத்துக் கோபுர ஜன்னலில் சாத்தி, ஜன்னலை உடைத்து, மணிகள் தொங்கும் இடம் வழியாக உள்ளே இறங்கினான். இருட்டில் வெளிச்சத்துக்காகச் சக்கிமுக்கி தட்டியிருக்கிறான். அந்தக் கல்லையும் இரும்பையும் அங்கேயே விட்டுவிட்டுப் போனான். பெட்டியில் இருந்த பூசைப் பாத்திரத்தோடு சிட்வெல்லின் சுரூபத்துக்கு உரிய வெள்ளிக் காலணியும் போயிற்று. அதன் பிறகு இளைஞர்களும் கன்னிப்பெண்களும் தாங்களாகவே கூடி, தங்களுக்குள் பணம் திரட்டி, ஊருக்கு ஒரு செலவும் வைக்காமல் புதுப் பாத்திரம் வாங்கிக் கொடுத்தார்கள். பக்தி, பொதுச்சொத்து, ஊர்ப்பொறுப்பு மூன்றும் இங்கே தனித்தனியே இல்லை. எந்த உத்தரவும் வராமல் பிள்ளைகள் பணம் போட்டார்கள் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் உயிர்.

மன்னரின் சட்டங்கள் வந்து மோதியது இதன் மீதுதான். மோதல் ஒரே நாளில் வரவில்லை. 1536ல் பக்கத்திலிருந்த பார்லிஞ்ச் மடம் மூடப்பட்டது. மோர்பாத் கோயிலுக்குக் குருவானவரை நியமிக்கும் உரிமை அந்த மடத்திடம்தான் இருந்தது. மடத்தின் கண்ணாடி ஜன்னல் ஒன்று அடுத்த ஆண்டு மோர்பாத்துக்குத் தானமாகக் கிடைத்தது. ஊரார் அதைக் கொண்டுவந்து தங்கள் கோயிலில் பதித்தார்கள். இதைப் படித்தால் மடங்கள் அழிந்ததைப் பற்றி அவர்கள் கவலைப்படவில்லையோ என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மடம் போனால் போகட்டும், கோயில் மிஞ்சும் என்று நம்பினார்கள். இடிந்துபோகும் பொருளைக் காப்பாற்றி வைத்தார்கள்.

எல்லா ஊரும் அப்படி நம்பவில்லை. லிங்கன்ஷயரில் லவுத் என்ற நகரம் 1515ல்தான் தன் கோயிலுக்கு வானளாவிய கூம்புக் கோபுரத்தைக் கட்டி முடித்திருந்தது. அடுத்து ஊர்க்கோயில்களின் வெள்ளியையும் அரசு எடுத்துக்கொள்ளும் என்ற வதந்தி பரவியது. 1536 அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிச் சிலுவைகளின் பின்னால் பவனி கிளம்பியபோது, இனி ஒருமுறை இவற்றின் பின்னால் நடப்போமா என்பது கடவுளுக்கே வெளிச்சம் என்று பாடகர் ஒருவர் சொன்னார். அன்றிரவே நகரத்தார் கோயில் சாவியை வாங்கிக்கொண்டு காவல் நின்றார்கள். முன்னின்றவர் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி, நிக்கலஸ் மெல்டன். சில நாட்களில் அது வட இங்கிலாந்து முழுவதும் பரவியது. யார்க்ஷயரில் ராபர்ட் ஆஸ்க் என்ற வழக்கறிஞர் தலைமையில் ஏறக்குறைய 30,000 பேர், கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் வரைந்த கொடியோடு திரண்டார்கள். மன்னரின் படை அவ்வளவு இல்லை. அதனால் டான்காஸ்டரில் பேச்சுவார்த்தை நடந்தது; மன்னிப்பும், கோரிக்கைகளைக் கேட்க ஒரு நாடாளுமன்றமும் வாக்களிக்கப்பட்டன. ஆஸ்க் அதை நம்பிக் கூட்டத்தைக் கலைத்தார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சில இடங்களில் மீண்டும் கலகம் எழுந்ததை வைத்து அரசு வாக்கிலிருந்து விலகிக்கொண்டது. 1537 ஜூலையில் ஆஸ்க் யார்க்கில் சங்கிலியில் தொங்கவிடப்பட்டார். இதைத்தான் ‘அருளின் திருயாத்திரை’ என்கிறார்கள். மக்கள் எதிர்க்கவில்லை என்று சொல்பவர்களுக்கு முதல் பதில் இது. அவர்கள் தோற்றது படை பலத்தால் அல்ல. மன்னர் சொன்ன சொல்லைக் காப்பார் என்று நம்பியதால்.

மோர்பாத்துக்கு வருவோம். 1538ல் வந்த உத்தரவு சுரூபங்களின் முன் விளக்கேற்றுவதைத் தடுத்தது. சாதாரண உத்தரவாகத்தான் தெரிகிறது. ஆனால் விளக்குக்காகத்தானே அத்தனை நிதியும்? விளக்கு அணைந்ததும் இளைஞர் நிதிக்கும் கன்னிப்பெண்கள் நிதிக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. சில ஆண்டுகளில் அவை ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து மறைந்தன. சின்ன வயதில் சிறு பொறுப்பு ஏற்று, பிறகு பெரிய பொறுப்புக்கு வளரும் வழி அதோடு அடைபட்டது.

டிரிக்கிக்கு ஒரு நெடுநாள் ஆசை இருந்தது. இறந்தோருக்கான பூசைக்குக் கறுப்பு உடைத் தொகுதி ஒன்று கோயிலுக்கு வேண்டும். தனக்கு வரவேண்டிய சிறு வரும்படியை விட்டுக்கொடுத்தும், ஊராரின் சிறு காணிக்கைகளைச் சேர்த்தும் ஏறக்குறைய 20 ஆண்டுகள் அதற்காகச் சேமித்தார். 1547ல் உடை வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் ஹென்றி இறந்து, ஒன்பது வயது ஆறாம் எட்வர்ட் அரியணை ஏறியிருந்தார். ஆட்சியை நடத்தியவர்கள் தீவிரச் சீர்திருத்தக்காரர்கள், அதாவது பழைய கத்தோலிக்க வழக்கங்களை ஒழிக்க நினைத்த புராட்டஸ்டன்டுகள். இறந்தோரின் ஆன்மா தூய்மையாகும் இடமான உத்தரிக்கிற ஸ்தலம் என்பதே கிடையாது, இறந்தோருக்கான பூசை மூடநம்பிக்கை என்று அந்த ஆண்டு இறுதியில் சட்டம் வந்தது. அதற்கென்று எழுதிவைத்த நிலமும் பணமும் அரசுக்குச் சேர்ந்தன. இருபது ஆண்டுச் சேமிப்பில் வந்த உடையை உடுத்த வேண்டிய பூசையே பறிபோயிற்று. 1548ல் கோயில் ஆடுகள் விற்கப்பட்டன, ஏல் விருந்து நின்றது. பூசை உடைகளையும் பொருட்களையும் ஊரார் பிரித்து வீடுகளில் மறைத்து வைத்தார்கள். ஒரு தலைமுறையாக வரவு காட்டிய கணக்கு கடனில் விழுந்தது. புதுப் புத்தகம் வாங்கு, சுவர் ஓவியத்தை வெள்ளையடி, அதிகாரிகளிடம் போய்ப் பதில் சொல்லிவிட்டு வா என்று மேலிடத்திலிருந்து வந்த உத்தரவு ஒவ்வொன்றும் செலவு வைத்தது. வருமானம் தரும் வழிகளையோ அதே மேலிடம் அடைத்துவிட்டது.

1549 பெந்தெகொஸ்தே ஞாயிறு முதல் லத்தீன் பூசை நின்று, புதிய ஆங்கில வழிபாட்டு நூலைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று சட்டம். மறுநாளே டெவனின் சாம்ப்ஃபோர்ட் கோர்ட்னி கிராமத்தில் மக்கள் தங்கள் குருவானவரைப் பழைய உடைகளை அணியச் சொல்லி, பழைய பூசையே செய்ய வைத்தார்கள். பக்கத்து மாவட்டமான கார்ன்வாலிலிருந்தும் கூட்டம் வந்து சேர்ந்தது. எங்களில் சிலருக்கு ஆங்கிலமே தெரியாது, இந்தப் புது ஆங்கிலத்தை ஏற்கமாட்டோம் என்று கார்ன்வாலியர் தங்கள் கோரிக்கையில் எழுதினார்கள். அதற்குப் பேராயர் கிரான்மர் எழுதிய பதில்: உங்களில் ஆங்கிலம் தெரிந்தவர்களைவிட லத்தீன் தெரிந்தவர்கள் அதிகமோ? வாதத்தில் கிரான்மர் வென்றார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவர்கள் கேட்டது அதுவல்ல. சொல் சொல்லாகப் புரிவதால் அந்தப் பூசை அவர்களுடையதாக இருக்கவில்லை. அதற்கான மெழுகு, மணி, பாத்திரம், உடை எல்லாவற்றையும் அவர்களே உண்டாக்கியதால் அவர்களுடையதாக இருந்தது. அந்த வருத்தத்தை அரசு கடைசிவரை காதில் வாங்கவில்லை.

ஜூலை 2 முதல் ஆகஸ்ட் 6 வரை கிளர்ச்சியாளர்கள் எக்ஸிட்டர் நகரை முற்றுகையிட்டார்கள். மோர்பாத் கணக்கில் அந்த ஆண்டு ஒரு செலவு இருக்கிறது: எக்ஸிட்டருக்கு வெளியே அர்ச். தாவீது மேட்டு முகாமுக்குப் புறப்பட்ட ஐந்து பேருக்கு ஊர்ப் பணத்திலிருந்து வழிச்செலவு. அந்த மேட்டில் முகாமிட்டிருந்தவர்கள் கிளர்ச்சியாளர்கள். அதாவது 33 வீடு கொண்ட, சட்டத்துக்குப் பயந்த ஓர் ஊர், மன்னருக்கு எதிரான படைக்குத் தன் பிள்ளைகளை அனுப்பி, அதை வழக்கம்போல் கணக்கிலும் எழுதி வைத்தது. அது ராஜத்துரோகம். ஊர்க்காரியம் என்று நினைத்ததால்தான் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள் என்பது என் கருத்து.

அரசுப் படையின் தலைவர் ரஸ்ஸல் பிரபு வெளிநாட்டுக் கூலிப்படைகளோடு வந்து முற்றுகையை உடைத்தார். முற்றுகையின்போது நகரத்துக்குள் இருந்த ஜான் ஹூக்கர், மொத்தம் 4,000 பேர் இறந்ததாக எழுதியிருக்கிறார். எக்ஸிட்டர் அருகே ராபர்ட் வெல்ஷ் என்ற குருவானவரைப் பூசை உடையோடு அவருடைய கோயில் கோபுரத்திலேயே தூக்கிலிட்டார்கள்.

இவ்வளவு சொன்னதால் சீர்திருத்தம் முழுவதும் மேலிருந்து திணிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. லண்டனிலும் எஸெக்ஸ், சஃபோக், கென்ட் பகுதிகளின் நெசவு நகரங்களிலும் அதை மனதார வரவேற்றவர்கள் பலர். தாய்மொழியில் வேதத்தைத் தானே படிக்கலாம் என்பது ஒரு நெசவாளிக்கோ பணிப்பெண்ணுக்கோ எத்தனை பெரிய திறப்பு என்பதை நாம் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1553க்குப் பின் மேரி ராணி பழைய மதத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது ஏறக்குறைய 280 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கைவினைஞர்கள், கூலிக்காரர்கள், பெண்கள். நம்பிக்கைக்காக உயிர் கொடுத்த ஏழைகள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். இரண்டு பக்கமும் அவர்களைக் கொன்றது அரசு.

டிரிக்கி என்ன ஆனார்? மேரி காலத்தில், மறைத்து வைத்த பொருட்களை ஊரார் ஒவ்வொன்றாக வீட்டிலிருந்து எடுத்து வந்து கொடுத்தார்கள். எட்வர்ட் காலத்தில் கோயில் நலிந்துகொண்டே போனது, மேரி காலத்தில் மீண்டது என்று அவர் பகிரங்கமாக எழுதினார். 1558ல் எலிசபெத் வந்ததும் எல்லாம் மறுபடி தலைகீழ். அப்போதும் அவர் ஊரைவிட்டுப் போகவில்லை. புதிய வழிபாட்டு நூலைக் கையில் எடுத்து அதே ஊராருக்கு வழிபாடு நடத்தி, அதே கோயிலில் மேலும் 15 ஆண்டுகள் கணக்கு வாசித்தார். இவரைக் கோழை, பிழைக்கத் தெரிந்தவர் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஞானஸ்நானம் கொடுத்து, மணம் முடித்து, அடக்கம் செய்த மக்களை விட்டுவிட்டு ஒரு கொள்கைக்காக வெளியேறுவது அவருக்குப் புண்ணியமாகத் தோன்றியிருக்காது. இங்கிலாந்து ‘மாறியது’ இப்படித்தான்: பெரும்பாலும் மனமாற்றத்தால் அல்ல, அதே முகங்கள் அதே கோயிலில் இருந்ததால், தலைமுறை கழிந்ததால்.

இனி கேள்வியில் நேரடியாகக் கேட்கப்படாத, ஆனால் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி. பங்கின் சொந்த வருமானத்தையும் சொந்தக் கொண்டாட்டத்தையும் பறித்த அரசு, பங்கை ஒழிக்கவில்லை. அதைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1538ல் ஹென்றியின் முதன்மை அமைச்சர் தாமஸ் குரோம்வெல், ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவிட்டார். இது புது வரிக்கு அடிபோடுவதுதான் என்று மக்கள் பயந்தார்கள். வரி வரவில்லை, ஆனால் ஊரில் பிறந்தவர் இறந்தவர் எல்லோர் பெயரும் முதல்முறையாக அரசு கேட்ட ஏட்டில் ஏறியது. 1555ல் சாலைச் சட்டம்: ஒவ்வொரு பங்கும் இரண்டு சாலை மேற்பார்வையாளர்களை நியமிக்க வேண்டும், ஊரார் ஆண்டுக்கு நான்கு நாள் கூலியில்லாமல் சாலை வேலை செய்ய வேண்டும். 1563ல் அது ஆறு நாள் ஆனது. 1559 சட்டப்படி ஞாயிறு வழிபாட்டுக்கு வராதவருக்கு 12 பென்ஸ் அபராதம். வசூலிப்பது கோயில் பொறுப்பாளர், பணம் ஏழைகளுக்கு. ஒரு காலத்தில் ஆடு மேய்த்து மெழுகுவர்த்தி வாங்கிய அதே பதவி, அண்டை வீட்டுக்காரன் கோயிலுக்கு வந்தானா என்று பார்க்கும் பதவியாயிற்று.

எல்லாவற்றிலும் பெரியது ஏழைகள் சட்டம். மடங்கள் வாசலில் கொடுத்த அன்னதானமும், விருந்து லாபத்திலும் இறந்தோர் நினைவு நாளிலும் ஏழைக்குக் கிடைத்த காசும் போயிற்று. விலைவாசி ஏறியது, மக்கள்தொகை பெருகியது, அலைந்து திரிபவர்கள் கூடினார்கள். அரசு முதலில் சவுக்கைத்தான் எடுத்தது. 1547ல் வந்த ஒரு சட்டம் வேலையில்லாமல் திரிபவனுக்குச் சூடு போட்டு இரண்டு ஆண்டு அடிமையாக வைத்துக்கொள்ளவும் அனுமதித்தது. நடைமுறைக்கே ஒவ்வாத கொடுமை என்று 1550ல் ரத்து செய்தார்கள். பிறகு நன்கொடை கேட்டுப் பார்த்தார்கள், போதவில்லை. 1572ல் கட்டாய வரி வந்தது. 1598, 1601 சட்டங்கள் ஒவ்வொரு பங்கிலும் ஏழைகளுக்கான மேற்பார்வையாளர்களை நியமித்து, நிலமும் வீடும் வைத்திருப்பவரிடம் வரி வசூலித்து, முடியாதவருக்கு உதவித்தொகையும் முடிந்தவருக்கு வேலையும் கொடுக்கச் சொன்னன. பசித்தவனுக்குச் சோறு போடுவது சட்டப்படி ஊரின் கடமை என்று நாடு முழுவதற்கும் எழுதி வைத்தது உண்மையிலேயே பெரிய காரியம். பஞ்ச காலங்களில் அது பல உயிர்களைக் காத்தது. அதன் மறுபக்கமும் கடுமையானது. ஏழை யார் ஊரைச் சேர்ந்தவன் என்ற தகராறு வலுத்து, வெளியூர் ஏழையை அவன் ஊருக்கே திருப்பி அனுப்ப வழிசெய்யும் குடியமர்வுச் சட்டம் 1662ல் வந்தது. வரி ஏறிவிடும் என்று, நிறைமாதக் கர்ப்பிணியை எல்லை தாண்டிக் கொண்டுபோய் விடவும் பங்கு அதிகாரிகள் தயங்கவில்லை.

மதமும் அரசும் இப்படி ஒரே கோயில் வராந்தாவில் பின்னிக் கிடந்தது மிக நீண்ட காலம். ஏழைகள் பொறுப்பு 1834ல் பங்குகளின் ஒன்றியங்களுக்குப் போனது. பிறப்பு இறப்புப் பதிவை 1837ல் அரசே எடுத்துக்கொண்டது. கோயில் பராமரிப்புக்காக ஊரார் எல்லோரிடமும், வேறு சபையைச் சேர்ந்தவர்களிடமும்கூட, கட்டாயமாக வாங்கிய வரி 1868ல்தான் நின்றது. கிராமங்களின் பொதுக்காரியங்கள் கோயில் கூட்டத்திலிருந்து தேர்தல் மூலம் அமைந்த ஊர்மன்றங்களுக்கு மாறியது 1894ல். அந்தச் சட்டத்தில் பெண்களும் வாக்களிக்கலாம், உறுப்பினராகலாம் என்று இருந்தது.